ஓட்டப் போட்டிக்கு முன் ஸ்கூபா டைவிங்: எத்தனை மணி நேரம் இடைவெளி வேண்டும், ஏன்?

கேள்வி இது: ஞாயிறு காலை 6 மணிக்கு முழு மாரத்தான். அதே பயணத்தில் வியாழனும் வெள்ளியும் தலா இரண்டு டைவ், சனிக்கிழமை காலை ஒன்று என்று திட்டம். உடம்பில் தங்கும் நைட்ரஜன் ஓட்டத்தைக் கெடுக்குமா? எத்தனை மணி நேரம் இடைவெளி விட வேண்டும்?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை டைவ் வேண்டாம். அதில் பேரம் பேச இடமில்லை. வெள்ளிக்கிழமை டைவ் நைட்ரஜன் கணக்கில் தேறிவிடும், ஆனால் வேறு காரணங்களுக்காக அதையும் விட்டுவிடச் சொல்வேன். வியாழன் போகலாம், சில நிபந்தனைகளோடு. தேதிகளை இன்னும் மாற்ற முடியுமென்றால் போட்டியை முன்னால் வைத்து டைவைப் பின்னால் தள்ளுங்கள். இரண்டையும் முழுதாக அனுபவிக்க அதுவே வழி.

இனி காரணங்கள். எல்லோரும் பயப்படுவது நைட்ரஜனுக்குத்தான், எனவே அதிலிருந்து தொடங்குவோம்.

கடல்நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். தரையில் சுவாசிக்கும் காற்றில் நைட்ரஜனின் பங்கு அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு, சுமார் 0.79 வளிமண்டலம். 18 மீட்டரில் மொத்த அழுத்தம் 2.8, அதில் நைட்ரஜன் மட்டும் 2.2. இந்த 1.4 வித்தியாசம்தான் நைட்ரஜனை ரத்தத்துக்குள்ளும், அங்கிருந்து திசுக்களுக்குள்ளும் தள்ளுகிறது. எல்லாத் திசுவும் ஒரே வேகத்தில் நிரம்புவதில்லை. 1908இல் பிரிட்டிஷ் உடலியலாளர் ஹால்டேனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட அட்டவணைகளில் உடம்பை 5, 10, 20, 40, 75 நிமிட அரை ஆயுள் (பாதி நிரம்பவோ பாதி காலியாகவோ ஆகும் நேரம்) கொண்ட ஐந்து கற்பனைத் திசுக்களாகப் பிரித்தார்கள். இன்று பல டைவ் கம்ப்யூட்டர்களில் ஓடும் பியூல்மான் கணக்கில் 16 திசுக்கள் உண்டு. வேகமானதற்கு 4 அல்லது 5 நிமிடம், மிக மந்தமானதற்கு 635 நிமிடம் அரை ஆயுள்.

உங்கள் திட்டத்தையே போட்டுப் பார்ப்போம். 18 மீட்டரில் 50 நிமிடம் இருந்தால் 5 நிமிடத் திசு முழுதாக நிரம்பிவிடும். ஆனால் மேலே வந்த அரை மணியில் அது காலியாகிவிடும். 109 நிமிடத் திசு கால் பங்குக்குச் சற்று மேல் நிரம்பும். 19 மணி நேரம் கழித்து, அதாவது சனி காலை 11 மணிக்கு மேலே வந்தவர் ஞாயிறு 6 மணிக்குத் தொடக்கக் கோட்டில் நிற்கும்போது, அதில் மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. 635 நிமிடத் திசுவோ 5 சதவீதம்தான் நிரம்பியிருக்கும். 19 மணி நேரத்தில் அதிலும் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட வெளியேறிவிடும். மீதி 0.02 வளிமண்டலம். உங்கள் உடம்பில் எப்போதும் கரைந்திருக்கும் 0.79க்கு முன்னால் அது தூசு. அந்த அளவு நைட்ரஜன் தசையின் வேலையைத் தடுக்காது, ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடிக்காது, ஓட்ட நேரத்தில் ஒரு நொடியைக்கூடத் தின்னாது.

அப்படியானால் சனிக்கிழமை டைவுக்கு ஏன் இவ்வளவு உறுதியாக மறுப்பு?

இரண்டு காரணங்கள். மேலே போட்ட கணக்கு கரைந்திருக்கும் வாயுவுக்கு மட்டுமே பொருந்தும் என்பது முதலாவது. எல்லையை மீறாத சாதாரண டைவுக்குப் பிறகும் பலருடைய சிரை ரத்தத்தில் நுண்குமிழிகள் தெரியும். மேலே வந்து அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அவை உச்சத்தை அடைந்து, அடுத்த சில மணி நேரங்களில் குறையும். சாதாரணமாக நுரையீரல் அவற்றை வடிகட்டிவிடுகிறது. கடும் உடற்பயிற்சியில் இந்த வடிகட்டி நம்பகமாக வேலை செய்வதில்லை. இதயம் வேகமாக அடித்து ரத்த ஓட்டம் பெருகும்போது, நுண்குழாய்களைத் தவிர்த்துச் செல்லும் குறுக்குப் பாதைகள் நுரையீரலுக்குள் திறந்துகொள்கின்றன. டைவுக்குப் பின் உடற்பயிற்சி செய்தவர்களிடம் குமிழிகள் தமனிப் பக்கம் கடந்து போவது கூடியதாக 2013இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இதோடு இதய மேலறைகளுக்கு இடையே பிறவியிலிருந்தே மூடாமல் இருக்கும் சிறு துளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 965 இதயங்களைப் பரிசோதித்து 1984இல் வெளியான பிரேதப் பரிசோதனை ஆய்வில் 27.3 சதவீத இதயங்களில் அந்தத் துளை இருந்தது. பெரும்பாலோர் தமக்கு அது இருப்பதே தெரியாமல் வாழ்கிறார்கள். மூச்சை அடக்கி முக்கும்போதும் கனத்தைத் தூக்கும்போதும் வலது பக்க அழுத்தம் கூடி, குமிழி அதன் வழியே இடது பக்கம் போக வாய்ப்பு உண்டு. எனவே டைவ் முடிந்த அன்று மாலை "காலை லூஸ் பண்ண" என்று வேக ஓட்டமோ, உடற்பயிற்சிக் கூடமோ கூடாது. தட்டையான தரையில் இருபது நிமிட நடை போதும்.

இரண்டாவது காரணத்தை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். கரைந்த வாயு குமிழியாகி உடம்பைத் தாக்கும் டிகம்ப்ரஷன் நோய், டைவர்கள் பேச்சில் பெண்ட்ஸ், எப்போது தலைகாட்டும் என்பதற்கு அமெரிக்கக் கடற்படையின் டைவிங் கையேடு தெளிவான விகிதம் தருகிறது: 42 சதவீதம் முதல் ஒரு மணி நேரத்துக்குள், 60 சதவீதம் மூன்று மணிக்குள், 83 சதவீதம் எட்டு மணிக்குள், 98 சதவீதம் 24 மணிக்குள். டைவுக்குப் பின் 24 மணி நேரம் கடும் உழைப்பு வேண்டாம் என்ற பொது அறிவுரையை நைட்ரஜன் வெளியேறும் நேரமாக மட்டும் பார்க்காதீர்கள். நோய் வருவதென்றால் தன்னைக் காட்டிக்கொள்ள நீங்கள் தரும் அவகாசமும் அதுதான். அந்த அவகாசம் முடியும் முன்பே 42 கிலோமீட்டர் ஓடிவிட்டால், பிறகு எதை எதிலிருந்து பிரித்து அறிவீர்கள்?

அறிகுறிகளை அடுக்கிப் பாருங்கள். முழங்கால், தோள், முழங்கையில் ஆழமான வலி. காரணம் புரியாத அளவுக்கு அசதி. கைகால் மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு. தலைசுற்றல், குமட்டல், நடையில் தள்ளாட்டம். மாரத்தான் முடித்தவரிடம் இதில் பாதியை எதிர்பார்க்கவே செய்வோம். போட்டியின் மருத்துவக் கூடாரத்தில் இருப்பவர் உப்புக் குறைவு, வெப்பத் தளர்ச்சி, தசைப்பிடிப்பு என்றுதான் முதலில் நினைப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. அதற்குள் ஆக்ஸிஜனும் அழுத்த அறைச் சிகிச்சையும் தாமதமாகும். முந்தைய 48 மணி நேரத்தில் டைவ் செய்திருந்தால், போட்டி எண் அட்டையின் பின்புறத்தில் கடைசி டைவின் தேதி, நேரம், ஆழம் மூன்றையும் எழுதி வையுங்கள். மயங்கி விழுந்தால் உங்களுக்காகப் பேச அது ஒன்றுதான் இருக்கும்.

பிரித்தறியச் சில தடயங்கள் உண்டு. பயிற்சியால் வரும் தசைவலி தசையின் நடுப்பகுதியில் இருக்கும், தொட்டால் வலிக்கும், இரு கால்களிலும் ஏறத்தாழ ஒரேபோல இருக்கும், ஒரு நாள் கழித்து உச்சத்துக்கு வரும். பெண்ட்ஸ் வலி பெரும்பாலும் ஒரு மூட்டை ஒட்டி உள்ளுக்குள் குடையும். அழுத்தினால் கூடாது, நிலையை மாற்றினாலும் அவ்வளவாக அடங்காது. வயிற்றிலும் தோளிலும் பளிங்குக் கல்லின் வரிகளைப் போல நீலம் கலந்த சிவப்புத் திட்டுகள் வந்தால் அது வெயில் கொப்புளம் அல்ல. மரத்துப்போவது, சிறுநீர் கழிக்க முடியாமை, பேச்சுக் குழறல் எது வந்தாலும் யோசிக்க நேரமில்லை. படுக்க வையுங்கள், 100 சதவீத ஆக்ஸிஜன் கொடுங்கள், அவசர மருத்துவ உதவியை அழையுங்கள். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டான் அமைப்பின் அவசர எண்ணைக் கையில் வைத்திருப்பது நல்லது. மறுபடி தண்ணீருக்குள் இறங்கிச் சரிசெய்யும் முயற்சி கூடவே கூடாது. வழக்கமான சிகிச்சை, கடற்படையின் அட்டவணை 6: 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் தொடங்கி, ஆக்ஸிஜனை இடைவெளி விட்டுச் சுவாசிக்க வைத்து ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக நடக்கும். அதற்குப் பிறகு அந்தப் போட்டி இல்லை. சந்தேகம் லேசானதாக இருந்தாலும் இல்லை.

வலி மாத்திரை போட்டுப் பார்த்து, குறைந்தால் ஓடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். மாத்திரை அறிகுறியை மறைக்கும், குமிழியைக் கரைக்காது. நீர் வற்றிய உடம்போடு நெடுந்தூரம் ஓடும்போது ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் சுமை.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருவோம். நண்பகலில் டைவ் முடிந்தால் போட்டிக்கு 42 மணி நேரம் இருக்கிறது. நைட்ரஜன் கேள்வி முடிந்துவிட்டது. ஆனால் தண்ணீர், உப்பு, உணவு, காது, கால் என்று ஐந்து இடங்களில் செலவு காத்திருக்கிறது. பலர் போட்டியைக் கோட்டைவிடுவது இங்கேதான்.

தண்ணீருக்குள் இறங்கியதும் கால்களில் தேங்கியிருந்த ரத்தம், அரை லிட்டருக்கும் மேலே, நெஞ்சுப் பகுதிக்கு ஏறுகிறது. குளிர்ந்த நீர் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி இன்னும் கொஞ்சம் தள்ளும். இதயத்தின் சுவர் விரிந்ததும், உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்றுகிறது. கூடவே சோடியமும் போகிறது. குளிர் தாங்க அணியும் ரப்பர் உடையான வெட்சூட்டுக்குள் அடிக்கடி சிறுநீர் முட்டுவதற்குக் காரணம் இதுவே. சிலிண்டர் காற்றில் ஈரப்பதம் கிட்டத்தட்ட இல்லை. ஒவ்வொரு மூச்சையும் உங்கள் சுவாசப் பாதைதான் ஈரமாக்கிக் கொடுக்கிறது. படகில் வெயிலில் வெட்சூட்டைப் பாதி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வேர்வை வேறு. தாகம் மட்டும் எடுக்காது, ஏனென்றால் நீரில் இருந்த நேரத்தில் உடம்பு தன்னிடம் நீர் நிறைய இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தது.

இதை அளக்கத் தராசு போதும். டைவ் நாளன்று காலையில் கழிப்பறை போய்வந்ததும் எடை பாருங்கள், திரும்பி வந்ததும் உலர்ந்த உடம்போடு மறுபடி பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 600 கிராம் குறைந்தால் 1 சதவீதம். ஒவ்வொரு கிலோ இழப்புக்கும் ஒன்றே காலிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை, ஒரேயடியாக அல்லாமல் மாலை முழுக்கப் பிரித்து, உப்பான உணவோடு குடியுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்து ஈடுகட்டுவது ஆபத்து. சோடியமும் போயிருக்கும்போது தண்ணீர் மட்டும் நிரம்பினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடுமளவுக்குக் குடித்தவர்களிடம்தான் அது அதிகம் தென்பட்டது. தொடக்கக் கோட்டுக்கே குறைந்த சோடியத்தோடு வருபவர் அந்தப் பள்ளத்துக்கு இன்னும் அருகில் நிற்கிறார்.

வெள்ளிக்கிழமைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. போட்டிக்கு முந்தைய 36 முதல் 48 மணி நேரம் மாவுச்சத்து ஏற்றும் காலம். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 12 கிராம் வரை என்பது கணக்கு. 60 கிலோ உடம்புக்கு அது 600 கிராமுக்குக் குறையாது. உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்து தங்குவதால், எடை ஒரு கிலோவோ அதற்கு மேலோ ஏற வேண்டும். அதே நாளில் டைவும் செய்தால் இந்த ஏற்றமும் அந்த இழப்பும் ஒன்றையொன்று மறைத்துவிடும். தராசு மாறாமல் நிற்கும், எல்லாம் சரியென்று நினைப்பீர்கள். உண்மையில் மாவுச்சத்தும் சரியாக ஏறவில்லை, தண்ணீரும் போயிருக்கிறது. அதுவும் அலையில் ஆடும் படகில் வயிற்றைப் புரட்டும்போது 600 கிராம் மாவுச்சத்தைச் சாப்பிடுவது நடக்கிற காரியமா? ஒரு முறை வாந்தி எடுத்தாலே நாள் கணக்கு போச்சு.

குளிரும் இதே கணக்கில்தான் வரும். நீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 27, 28 டிகிரி நீரில்கூட ஐம்பது நிமிடம் அசையாமல் மிதந்தால் உடம்பு குளிரும். நடுங்க ஆரம்பித்துவிட்டால் தசைகள் சேமித்த கிளைகோஜனை எரிக்கின்றன, அதாவது ஞாயிற்றுக்கிழமைக்காகச் சேர்த்ததை. எனவே போட்டி வாரத்தில் வழக்கமாக அணிவதைவிட ஒரு படி தடித்த வெட்சூட் போடுங்கள். 3 மில்லிமீட்டர் போதும் என்பவர் 5 எடுத்துக்கொள்ளலாம். அதற்கேற்ப எடைக்கட்டி கூடும் என்பதை மறக்க வேண்டாம். முதல் டைவிலேயே மிதப்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காதுதான் இதில் எல்லாவற்றையும்விட நிச்சயமற்றது. டைவிங்கில் மிகச் சாதாரணமாக நடக்கும் காயம் நடுக்காதில் ஏற்படும் அழுத்தக் காயம். முதல் 10 மீட்டரில் காற்றின் கனஅளவு பாதியாகச் சுருங்கிவிடுகிறது, எனவே பெரும்பாலான காயம் அங்கேயே நடக்கிறது. தண்ணீரின் மேற்பரப்பிலேயே ஒரு முறை மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதின் அழுத்தத்தைச் சமன்செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு அரை மீட்டருக்கும், வலி வருவதற்கு முன்பே. வலி வந்த பிறகு மூக்கைப் பிடித்து ஓங்கி ஊதுவது உள்காதின் மெல்லிய சவ்வைக் கிழிக்கக்கூடியது. சமன் ஆகவில்லையா, ஒரு மீட்டர் மேலே வாருங்கள், கால் கீழாக நிமிர்ந்து மறுபடி முயலுங்கள். மூன்று முறை முயன்றும் ஆகவில்லையென்றால் அந்த டைவ் முடிந்தது.

ஓட்டக்காரருக்கு லேசாக அடைத்த காது வெறும் தொல்லை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லான் போட்டியாளருக்கு அப்படியல்ல. செவிப்பறையில் துளை விழுந்திருந்தால் குளிர்ந்த நீர் நடுக்காதுக்குள் புகுந்து நீச்சலின் நடுவே உலகம் சுழலும், எது மேல் எது கீழ் என்று தெரியாது. ஆற வாரக்கணக்கில் ஆகும். சளி பிடித்திருந்தால் போட்டி வாரத்தில் டைவ் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். இரண்டு மணி நேர மகிழ்ச்சிக்காக ஆறு மாதப் பயிற்சியை அடகு வைக்கிறீர்கள்.

சளியை அடக்கி டைவ் போக மூக்கடைப்பு மாத்திரை போடுபவர்கள் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆழத்தில் மருந்தின் வேலை முடிந்துவிட்டால் மேலே வரும்போது காதிலும் நெற்றிக் குழிகளிலும் காற்று மாட்டிக்கொள்ளும். இறங்கும்போது அடைத்தால் திரும்பிவிடலாம். ஏறும்போது அடைத்தால், சிலிண்டரில் காற்று குறைந்துகொண்டே வர, தப்பிக்க இடமில்லை. அடுத்தது, அந்த மாத்திரைகள் பலவற்றில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவின் பட்டியலில் போட்டி நேரத்துக்குத் தடைசெய்யப்பட்டது. சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் மீறல். சோதனைக்கு உட்படும் வாய்ப்புள்ளவர்கள் குறைந்தது 24 மணி நேரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். நீர் வற்றியதற்காகக் கையில் ட்ரிப் ஏற்றிக்கொள்வதும் அப்படித்தான்: 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழி ஏற்றுவது, மருத்துவமனைச் சிகிச்சை போன்ற முறையான காரணமின்றி, தடைசெய்யப்பட்ட முறை. பெண்ட்ஸ் முதலுதவிக்கான ஆக்ஸிஜன் தடையில் வராது, தயங்காமல் எடுக்கலாம்.

கடல் குமட்டலுக்குக் காதின் பின்னால் ஒட்டும் ஸ்கோபொலமின் பட்டையைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை, எனவே அழுத்திச் சொல்கிறேன். அது மூன்று நாள் வேலை செய்யும். வாய் உலரும், பார்வை மங்கும், முக்கியமாக வேர்வை குறையும். வியாழன் ஒட்டிய பட்டையோடு ஞாயிறு வெயிலில் ஓடினால் உடம்பைக் குளிர்விக்கும் வழியையே அடைத்துவிட்டு ஓடுகிறீர்கள். படகிலிருந்து இறங்கியதும் கழற்றுங்கள், கையைக் கழுவுங்கள். தோலுக்குள் சேர்ந்திருக்கும் மருந்து கழற்றிய பிறகும் சிறிது நேரம் உடம்பில் இறங்கிக்கொண்டிருக்கும் என்பதால் போட்டிக்கு முந்தைய இரண்டு நாட்களில் ஒட்டவே வேண்டாம்.

கால்கள். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் பயிற்சியின் அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பது கால்களுக்கு ஓய்வு தரத்தான். காலில் மாட்டும் துடுப்பான ஃபின் அடிப்பது ஓடும்போது அதிகம் வேலை வாங்காத வகையில் இடுப்பின் முன்தசையையும் கெண்டைக்காலையும் பாதத்தின் வளைவையும் இழுக்கிறது. பழக்கமில்லாத கடினமான ஃபின்னோடு நீரோட்டத்தை எதிர்த்து ஒரு முறை நீந்தினால் மறுநாள் கெண்டைக்கால் சொல்லும். அதனால் உங்களுக்குப் பழகிய, மென்மையான ஃபின். நீரோட்டம் இருக்கும் தளம் வேண்டாம், இருந்தால் அதனோடு மிதந்து போகும் டைவாக இருக்கட்டும். சிலிண்டர், மிதப்பைக் கட்டுப்படுத்தும் சட்டையான பிசிடி, மூச்சு விட உதவும் ரெகுலேட்டர், எடைக்கட்டி எல்லாம் சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டும். அதைச் சுமந்துகொண்டு ஆடும் ஏணியில் ஏறாதீர்கள். தண்ணீரிலேயே எடைக்கட்டியைக் கழற்றி மேலே கொடுங்கள், அடுத்து பிசிடியை, கடைசியில் ஃபின். குதிகால் நரம்பின் மேல் ஃபின் பட்டை உரசினால் வரும் கொப்புளம் சரியாக ஷூவின் பின்விளிம்பு படும் இடத்தில் வந்து உட்காரும். கடல் முள்ளெலியின் முள் உள்ளங்காலில் ஏறினால் போட்டியே இல்லை. எனவே தடித்த அடியுள்ள நியோப்ரின் பூட், கரையில் இறங்கும்போதும் கழற்றாமல்.

நீச்சல் உள்ள போட்டிக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஓர் அறிகுறி தனியே உண்டு. டைவின்போதோ மேலே வந்ததுமோ இருமலோடு மூச்சுத் திணறி, நுரையோ இளஞ்சிவப்புச் சளியோ வந்தால் அது தண்ணீர் குடித்ததால் அல்ல. நீரில் மூழ்கும்போது நுரையீரலில் நீர் கோக்கும் நிலை. ஓய்வெடுத்தால் ஓரிரு நாளில் தெளிந்துவிடும், அதனால் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். அது திரும்ப வரக்கூடியது, ட்ரையத்லான் நீச்சலில் உயிரையே எடுக்கக்கூடியது. இதய மருத்துவர் பார்க்கும்வரை நீரில் இறங்கக் கூடாது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், குளிர்நீரில் இறுக்கமான வெட்சூட்டோடு, நீச்சலுக்கு முன் அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் குடித்தவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல்.

சரி, வியாழன் டைவை எப்படிச் செய்வது? இரண்டு டைவுக்கு மேல் வேண்டாம். முதலாவது 18 மீட்டருக்குள், இரண்டாவது 12 மீட்டருக்குள், ஒவ்வொன்றும் 45 நிமிடத்துக்குள். இடையில் குறைந்தது ஒன்றரை மணி நேரம் மேற்பரப்பில். சான்றிதழ் இருந்தால் ஆக்ஸிஜன் 32 சதவீதம் உள்ள காற்றுக் கலவையான நைட்ராக்ஸ் வாங்குங்கள், ஆனால் நேரக் கணக்கைச் சாதாரணக் காற்றுக்கே வைத்து டைவ் செய்யுங்கள். நைட்ராக்ஸில் 18 மீட்டர் என்பது நைட்ரஜன் கணக்கில் காற்றின் 14 மீட்டருக்குச் சமம், அந்த வித்தியாசம் முழுக்க உங்கள் பாதுகாப்புக்கு. 32 சதவீதக் கலவையோடு 33 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்ற எல்லை உண்டு, இந்தத் திட்டத்தில் அதன் பக்கமே போக மாட்டீர்கள். டைவ் கம்ப்யூட்டரில் ஆக்ஸிஜன் அளவை 32 என்றே பதியுங்கள், நேரத்தைக் குறைக்கப் பாதுகாப்புக் கூட்டும் அமைப்பை மட்டும் மாற்றுங்கள். மேலே வரும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டக் கூடாது. மேலே வரும் வழியில் 5 மீட்டரில் பாதுகாப்புக்காக நிற்கும் மூன்று நிமிடத்தை ஐந்தாக நீட்டுங்கள். மேலே வரும் வழியில் கட்டாயமாக நின்று நைட்ரஜனை வெளியேற்றும் டிகம்ப்ரஷன் நிறுத்தம் தேவைப்படும் ஆழமான டைவ் போட்டி வாரத்தில் எந்த நாளிலும் வேண்டாம்.

நான்கைந்து நாள் தொடர்ந்து, நாளுக்கு மூன்று நான்கு டைவ் செய்யும் படகுப் பயணமாக இருந்தால் மந்தமான திசுக்கள் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பிக்கொண்டே போகும். மேலே சொன்ன ஒற்றை டைவ் கணக்கு அதற்குப் பொருந்தாது. அப்படிப்பட்ட பயணத்துக்கும் போட்டிக்கும் இடையே 72 மணி நேரம் விடுங்கள். அதில் பாதி நைட்ரஜனுக்கு, பாதி தூக்கத்துக்கு.

டைவ் அன்று காலையில் ஓட வேண்டுமா? வேண்டாம். டைவுக்குச் சில மணி நேரத்துக்குள் கடுமையாக உழைத்துவிட்டு இறங்குவதை டைவிங் மருத்துவர்கள் ஊக்குவிப்பதில்லை. முந்தைய நாள் ஓட்டம் கெடுதல் அல்ல. குரோஷியாவின் ஸ்பிளிட் நகரில் நடந்து 2004இல் வெளியான சோதனையில், 12 டைவர்கள் 24 மணி நேரத்துக்கு முன் ஒரு முறை ஏரோபிக் பயிற்சி செய்துவிட்டு, அழுத்த அறையில் 18 மீட்டருக்குச் சமமான அழுத்தத்தில் 80 நிமிடம் இருந்தார்கள். பயிற்சி செய்யாமல் இருந்தபோது வந்ததைவிடக் குமிழிகள் குறைவாகவே வந்தன. இதை வைத்துப் பாதுகாப்பு எல்லைகளைத் தளர்த்திக்கொள்ளக் கூடாது, ஆனால் புதன்கிழமை மெல்லோட்டத்தைப் பயமின்றி ஓடலாம். வியாழன் டைவ், வெள்ளி முழு ஓய்வு, சனி காலை இருபது நிமிட மெல்லோட்டம் என்று வரிசை அமையும்.

விமானம் இடையில் வந்தால் அதற்குத் தனிக் கணக்கு. நிறுத்தம் தேவைப்படாத ஒற்றை டைவுக்குப் பின் 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் டைவுக்குப் பின் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. டிகம்ப்ரஷன் டைவ் என்றால் அதைவிட நிறைய, 24 மணியாவது. விமான அறையின் அழுத்தம் சுமார் 2,400 மீட்டர் மலை உயரத்துக்குச் சமமாக இறங்கக்கூடும். சில மலைப் பாதை ஓட்டங்களில் இதே உயரத்துக்கு வண்டியிலேயே போய்ச் சேர்வீர்கள், பிறகு அங்கே கடுமையாக உழைக்கவும் செய்வீர்கள். குறைந்த அழுத்தமும் உழைப்பும் ஒன்றாகச் சேரும் அந்தப் போட்டிகளுக்கு 48 மணி நேரத்துக்குக் குறைந்து எதையும் ஏற்க மாட்டேன்.

வரிசையை மாற்றி, போட்டி முடிந்து டைவ் போவதாக இருந்தாலும் மறுநாளே வேண்டாம். திங்கட்கிழமை உங்கள் உடம்பில் நீர் குறைவாக இருக்கும், தசைகள் வீங்கியிருக்கும், படி இறங்கவே சுவரைப் பிடிப்பீர்கள். அந்த நிலையில் பெண்ட்ஸ் வலி வந்தால் அடையாளமே தெரியாது. சிறுநீர் வழக்கமான வெளிர் நிறத்துக்குத் திரும்பி, மூட்டுகளைச் சுற்றி வலி இல்லாமல், ஏணியில் சாதாரணமாக ஏற முடிகிறதென்றால் டைவ் செய்யலாம். முழு மாரத்தானுக்குப் பிறகு பெரும்பாலோருக்கு அது புதன் அல்லது வியாழன். சிறுநீர் தேநீர் டிகாக்ஷன் போலக் கறுத்திருந்தால் டைவைப் பற்றிப் பேச வேண்டாம், அன்றே மருத்துவரைப் பாருங்கள், சிதைந்த தசைப் புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். ஊர் திரும்பும் விமானம் வெள்ளி மாலை என்றால், கடைசி டைவை வியாழன் பிற்பகலுக்குள் முடித்துவிடுங்கள்.